பந்தயம் விட்டு வந்த ராஜா: ஒரு குதிரையும் மூன்று கைகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, வெருலத்துக்கும் டொங்காட்டுக்கும் நடுவில், கரும்புத் தோட்டங்களை ஒட்டி ஒரு சிறிய லாயம் இருக்கிறது. அங்கே நிற்கும் ராஜா என்ற தரோபிரெட் (பந்தய இனம்) குதிரையைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. எட்டு வயது, காயடித்த ஆண் குதிரை, செம்பழுப்பு உடம்பு, கறுத்த பிடரி. சில வருடம் பந்தயத்தில் ஓடியது. இனி ஜெயிக்காது என்று ஆனதும் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியை, வயது நாற்பதைத் தாண்டியவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சின்ன வயதில் மாமாவோடு கிரேவில் மைதானத்துக்கு ஜூலைப் பந்தயம் பார்க்கப் போய்ப் போய் அக்காவுக்குக் குதிரை ஆசை பிடித்தது. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் இது அபூர்வமே இல்லை. 1897-இல் தொடங்கிய அந்தப் பந்தயம் ஜூலை முதல் சனிக்கிழமை நடக்கும். அன்றைக்கு டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சு அதுதான். ஆனால் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களில் குதிரை ஏறக் கற்றுக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அக்கா முப்பத்தைந்து வயதுக்கு மேல் பாடம் எடுத்துக்கொண்டவர். நிதானமான கிழட்டுக் குதிரைகளில் ஓரளவு நன்றாகவே ஓட்டுவார்.

மே மாதக் கடைசியில், குதிரை பழக்கும் என்னை அழைத்தபோது நாலு புகார் சொன்னார். ஏறப் போனால் நிற்பதில்லை. கரும்புப் பாதையில் ஒருமுறை தலைதெறிக்க ஓடி, தோட்டத்து வாசல் வரை நிற்கவில்லை. பயிற்சித் திடலின் தெற்கு மூலையைக் கண்டால் பக்கவாட்டில் துள்ளுகிறது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஹார்ஸ் பாக்ஸில் ஏற மறுக்கிறது. கடைசியாக, “தம்பி, இதுக்கு என்னைப் பிடிக்கலை. வித்துடலாமான்னு பாக்கறேன்” என்றார்.

பிடிக்கவில்லை என்ற காரணத்தை வைத்துக்கொண்டு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அதனால் நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்கினேன். நாம் ஒன்று செய்தால் அடுத்து என்ன வரும் என்று இந்தக் குதிரையால் ஊகிக்க முடிகிறதா? குதிரைக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் இருக்கும் நம்பிக்கையில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கருத்து. பாசம் இருந்தால் நல்லது, ஆனால் அது பிறகு வரட்டும்.

முதலில் உடம்பு

பாடம் எதையும் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குதிரை வேட்டையாடப்படும் விலங்கு, வலியை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் பிறவி வழக்கம். நொண்டினால்தான் வலி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவதும், ஏறும்போது முதுகை இறக்கி நழுவுவதும்கூட வலியால் வரலாம்.

மூன்று விஷயம் தெரியவந்தது. கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தில் புண் ஆக்கியிருந்தது. வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் அங்கேயும் புண். மூன்றாவது, எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்று சொல்லி யாரோ அக்காவிடம் விற்ற சேணம். அதன் உள்சட்டம் ராஜாவின் தோளுக்குக் குறுகல், இரண்டு பக்கமும் அழுத்தியது.

வயிற்றுப் புண் பந்தயக் குதிரைகளில் மிகச் சாதாரணம். குதிரையின் வயிறு தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போதுதான் ஊறும். புல்வெளியில் விட்ட குதிரை பகலும் இரவுமாக மேய்வதால் கணக்குச் சரியாகிவிடும். லாயத்தில் அடைத்து, தானியம் நிறையவும் உலர்புல் குறைவாகவும் கொடுத்து, வெறும் வயிற்றோடு வேகமாக ஓட்டினால் அமிலம் மேலே தெறித்து வயிற்றின் பாதுகாப்பில்லாத மேல்பகுதியை அரிக்கும். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது, குதிரை சிடுசிடுக்கிறது என்று மட்டும் சொல்வார்கள்.

பல்லை அராவினார்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்து சில வாரம் ஓடியது. தானியத்தைக் குறைத்து, எராக்ரோஸ்டிஸ் என்ற வகை உலர்புல்லை எப்போதும் முன்னால் இருக்கும்படி வைத்தோம். பொதுவான கணக்கு, உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை நார்த்தீனி. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ. சேணத்தை மாற்றினோம். அந்தச் செலவில் அக்காவின் முகம் வாடியது உண்மைதான். ஆனால் ஒரு பாடமும் நடத்தாமலே, வார் இறுக்கும்போது கடிக்க வருவது நின்றது, ஏறும்போது நழுவுவதும் கொஞ்சம் குறைந்தது.

யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்

மருந்து ஓடிய வாரங்களில் யாரும் ஏறவில்லை. நான் வேலியோரம் உட்கார்ந்து, ராஜாவை யார் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அனுபவத்தில் குதிரையைவிட இந்த வேடிக்கைதான் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

மூன்று பேர். முதலாமவர் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் சுலு இனப் பெரியவர், எல்லோரும் மரியாதையாகப் பாபா என்போம். தீனி, தண்ணீர், குளம்பு சுத்தம் எல்லாம் அவர்தான். நிறுத்த வேண்டுமானால் தணிந்த குரலில் “யிமா” என்பார், சொன்னதும் தானும் நின்றுவிடுவார். ராஜாவும் நின்றுவிடும். இரண்டாவது அக்கா. அவர் “வோ, வோ” என்று சொல்லிக்கொண்டே நடப்பார், கூடவே பிடிகயிற்றையும் இழுப்பார், ராஜா நிற்காவிட்டால் விட்டுவிடுவார். மூன்றாவது அக்காவின் மகள், பதினாறு வயது. “நில்லுடா ராஜா” என்று சிரித்துக்கொண்டே மூக்கில் முத்தம் கொடுப்பாள்.

ராஜா தலையால் ஆளைத் தள்ளும் பழக்கம் உள்ள குதிரை. மகளைத் தள்ளினால் கேரட் கிடைக்கும். அக்காவைத் தள்ளினால் கழுத்தில் ஒரு தட்டு. பாபாவைத் தள்ளினால் அவர் ஒரு அடி பின்னால் போகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். புதிதாக வந்த மருமகளிடம் மாமியார் ஒன்றும் நாத்தனார் ஒன்றும் மாமனார் ஒன்றும் சொல்லும் வீடு மாதிரி இருந்தது லாயம். அந்த வீட்டில் மருமகள் எப்போதும் பதற்றமாகத்தான் இருப்பாள், அவள் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதன்மேல் பந்தயப் பாடம் வேறு. பந்தய லாயத்தில் ஏறும் மேடை கிடையாது. குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, ஓட்டுபவர் மேலே போய்விடுவார். ஆக ராஜா ஏறும்போது நிற்கவில்லை என்பது குறும்பு அல்ல, அதற்கு யாரும் நிற்கச் சொல்லித்தரவே இல்லை. கரும்புப் பாதை ஓட்டமும் இப்படித்தான். பந்தயத்தில் ஓட்டுபவர் கடிவாள வாரைச் சுருக்கி இறுகப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்து வேகம் எடுக்கும். அதுதான் அது கற்ற அர்த்தம். அக்கா பயத்தில் இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தார், ராஜா கற்றபடி ஓடியது. அவர் இன்னும் இழுத்தார், அது இன்னும் ஓடியது. இருவருமே தங்களுக்குத் தெரிந்ததைச் சரியாகச் செய்தார்கள்.

கடுமையான கடிவாளம் போடச் சொல்லிப் பக்கத்து லாயத்தில் ஒருவர் ஆலோசனை தந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இழுப்பதற்கு ஓடு என்று அர்த்தம் வைத்திருக்கும் குதிரைக்கு, வலிக்கிற இழுப்பு கொடுத்தால் வலியோடு ஓடும், அவ்வளவுதான்.

கிரேவிலும் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஸ்காட்ஸ்வில்லும் வலப்பக்கம் திரும்பும் மைதானங்கள். ராஜாவின் உடம்பு அதனாலோ என்னவோ வலப்பக்கம் சுலபமாகவும் இடப்பக்கம் கட்டை மாதிரியும் வளைந்தது. அதற்கு இடப்பக்கமாக மெதுநடையில் அகலமான வளைவுகள் கொடுத்தோம், மெல்லச் சரியானது.

ஒரே சொல், ஒரே பதில்

எல்லோருக்கும் பொதுவாக எந்தச் சொல்லை வைப்பது என்று பேச்சு வந்தபோது மகள் “நில்லு” வேண்டும் என்றாள், அக்கா “வோ” என்றார். பாபாவின் “யிமா”வைத்தான் எடுத்தோம். நாளில் அதிக நேரம் ராஜாவோடு இருப்பவர் அவர், ராஜாவுக்கு ஏற்கெனவே அர்த்தம் தெரிந்த சொல்லும் அது ஒன்றுதான். பாபாவுக்கு இதில் கொஞ்சம் பெருமை.

ஒரு அட்டையில் எழுதி லாயக் கதவில் மாட்டினோம். நிறுத்த என்ன சொல்வது, நகரச் சொல்ல எங்கே தொடுவது, பின்னால் போகச் சொல்ல எப்படி, தலையால் தள்ளினால் என்ன செய்வது. மூன்று மொழியிலும் எழுதினாள் மகள். தள்ளினால் எல்லோரும் ஒரே மாதிரி: ஒரு அடி பின்னால் போகச் சொல்வது, தலை நேரானதும் கழுத்தைத் தேய்ப்பது. அடியும் இல்லை, கேரட்டும் இல்லை.

இதற்கு அடியில் இருக்கும் பொறி எளிமையானது. குதிரை பெரும்பாலும் அழுத்தம் விலகுவதிலிருந்து கற்கிறது. மெல்லிய அழுத்தம் கொடுக்கிறோம், அது சரியான பக்கம் அசைந்த அதே கணம் விட்டுவிடுகிறோம். விட்டதுதான் அதற்குப் பாடம், அழுத்தியது வெறும் கேள்வி. இரண்டு மூன்று நொடி தாமதமாக விட்டால் அந்த நேரத்தில் அது வேறு எதையோ செய்துகொண்டிருக்கும், அதைத்தான் கற்றுக்கொள்ளும். அக்காவுக்கு இந்த விடும் நேரம் வர நாள் பிடித்தது. அதனால் முதலில் ராஜா இல்லாமலே, கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு பழகினோம். நான் பின்னால் சாய்ந்ததும் விட வேண்டும். மகள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் ராஜாவைக் குழப்பாமல் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கேரட் விஷயம். தீனி கொடுத்துப் பழக்குவதை நான் எதிர்ப்பவன் அல்ல, மேடைப் பாடத்தில் நாங்களே பயன்படுத்தினோம். எதற்காகக் கொடுக்கிறோம் என்பது குதிரைக்குத் தெரியாமல் கொடுப்பதுதான் பிரச்சினை. வெறும் பிரியத்துக்குக் கொடுக்க ஆசைப்பட்டால் தீனித் தொட்டியில் போடலாம். பிரியம் காட்ட வேறு வழியும் உண்டு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும். பிரான்சில் கமார்க் குதிரைகளை வைத்துச் செய்து 1993-இல் வெளியான ஆய்வில், அந்த இடத்தில் மனிதக் கை சொறிந்தாலும் இதயத் துடிப்பு குறைவதைக் கண்டார்கள். நெற்றியில் தட்டிக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். நெற்றிக்கு நேர் முன்னால் குதிரைக்குப் பார்வையே கிடையாது. அங்கே திடீரென்று ஒரு கை வந்தால் அது தலையைத் தூக்கத்தான் செய்யும்.

எத்தனை நாள் பழக்குவது என்பதில் அக்காவுக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். தினமும் செய்தால்தான் தொடர்ச்சி என்று அவர் நினைத்தார், பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா. 1980-இல் வெளியான ஒரு ஆய்வில் மட்டக் குதிரைகளை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் ஒருமுறை, இருமுறை, ஏழுமுறை என்று ஒரே பாடத்தைப் பழக்கினார்கள். வாரம் ஒருமுறை பழகியவை மிகக் குறைந்த பாடங்களில் கற்றுக்கொண்டன. நாள்கணக்கில் பார்த்தால் அவற்றுக்குத்தான் அதிக காலம் ஆகியிருக்கும், அது வேறு விஷயம். நடுவில் விடுகிற நாட்கள் வீண் போவதில்லை என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம், நன்றாக முடிந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவானது. ஆனால் அட்டையில் உள்ளது மட்டும் எல்லா நாளும், தீனி போடும்போதும் கதவு திறக்கும்போதும். தொடர்ச்சி அங்கேதான் தேவைப்பட்டது.

அந்தக் குளிர்காலத்தில்தான் குதிரைக் காய்ச்சல் தடுப்பூசியும் வந்தது. தென்னாப்பிரிக்காவில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இந்த நோயைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. இரவில் கடிக்கும் குலிக்காய்டிஸ் என்ற பொடிக் கொசுக்கள் பரப்பும் வைரஸ், ஒன்பது வகை. தடுப்பூசி இரண்டு குப்பிகளாக, குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விட்டுப் போடப்படுகிறது. அதன் பிறகு கொஞ்ச காலம் கடின வேலை கொடுக்கக் கூடாது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. தரையில் நின்று செய்யும் பாடங்களை அவசரம் இல்லாமல் முடிக்க முடிந்தது.

ஏறும் மேடை

மேடைப் பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கினோம். மேடை அருகே வந்து நிற்பது. அக்கா மேடையில் ஏறுவது, இறங்குவது. சேணத்தில் கை வைப்பது. அங்கவடியில் காலை வைத்து எடுத்துவிடுவது. வயிற்றைச் சேணத்தின் மேல் சாய்த்து எடை கொடுப்பது. ஒவ்வொன்றிலும் ராஜா நின்றால் ஒரு வில்லைத் தீனி. நகர்ந்தால் கோபமே இல்லாமல் மறுபடி பழைய இடத்துக்கு. முழுதாக ஏறி உட்கார்ந்த முதல் நாள், உடனே கிளம்பாமல் அங்கேயே நின்று இன்னொரு வில்லை கொடுத்துவிட்டு அக்கா இறங்கிவிட்டார். ஏறினால் ஓட வேண்டும் என்ற பழைய கணக்கை உடைக்க இது உதவியது. இப்போது ராஜா மேடையைக் கண்டால் தானே போய்ப் பக்கவாட்டில் நிற்கிறது, கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகவே.

நிறுத்தும் பாடத்தைத் தரையில் தொடங்கி மேலே கொண்டுபோனோம். வரிசை எப்போதும் ஒன்று: மூச்சை வெளியே விட்டு இடுப்பைத் தளர்த்தி ஆழமாக உட்கார்வது, பிறகு “யிமா”, அதற்கும் பிறகே விரல்களை மூடுவது. எடை பின்னால் போன கணம் விரல்கள் திறக்க வேண்டும். குதிரை முதல் இரண்டிலேயே நிற்கக் கற்றுவிட்டால் வாரைத் தொடும் தேவையே குறைந்துவிடும். செப்டம்பரில் மெதுநடையில் கரும்புப் பாதைக்குப் போனபோது அக்கா முக்கால்வாசித் தூரம் தளர்ந்த வாரோடுதான் போனார். எதிரே கரும்பு லாரி வந்தது. ராஜா நின்று காதை நீட்டிப் பார்த்தது, அக்கா மூச்சை விட்டார், லாரி போயிற்று. அதில் எழுத வேறு ஒன்றுமில்லை, எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

தெற்கு மூலை

மூலைக்கு அதிக நாள் ஆனது. அங்கே ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் சாய்த்து வைத்த இரும்புத் தகடும் இருந்தன. வலமாகச் சுற்றும்போது ராஜா அவற்றை நன்றாகப் பழகிவிட்டது, இடமாகச் சுற்றினால் மறுபடி புதிதாகப் பார்த்தது மாதிரி துள்ளியது. நேற்றுப் பார்த்ததுதானே, நடிக்கிறது என்றார் அக்கா. நடிப்பு இல்லை. 2021-இல் வெளியான கொலராடோ ஆய்வில், குழந்தைகள் விளையாடும் ஒரு பிளாஸ்டிக் சாதனத்துக்குக் குதிரைகளைப் பழக்கிய பிறகு அதைத் திருப்பி வைத்தார்கள். பழகிய குதிரைகளே அதைப் புதுப் பொருளைப் போலப் பார்த்து விலகின. பக்கம் மாறினால் அதற்குப் பொருளே மாறிவிடுகிறது, ஆகவே இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பழக்க வேண்டும்.

இன்னொரு பாதி அக்காவிடம் இருந்தது. மூலை நெருங்க நெருங்க அவர் தொடை இறுகும், மூச்சு நிற்கும். ஸ்வீடனில் ஒரு நல்ல சோதனை நடந்தது, 2009-இல் வெளியானது. குதிரையை நடத்துபவர்களிடமும் ஏறி ஓட்டுபவர்களிடமும், இந்தச் சுற்றில் நீங்கள் கடக்கும்போது ஒரு குடை திறக்கப்படும் என்று சொன்னார்கள். குடை திறக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதர் இதயமும் வேகமாகத் துடித்தது, குதிரையின் இதயமும் வேகமாகத் துடித்தது. அக்காவுக்கு இதைச் சொன்னதும் அவர் கேட்டது: “அப்போ நான் பயப்படாம இருக்கறது எப்படி, தம்பி?” நியாயமான கேள்வி. பயப்படாதே என்று சொல்வதில் பயனில்லை. மூலையில் செய்ய ஒரு வேலை கொடுத்தேன். அங்கே நெருங்கும்போது கந்த சஷ்டிக் கவசத்தில் தெரிந்த வரிகளைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மூச்சு விட்டே ஆக வேண்டும், தொடையும் தானாகத் தளரும். அக்காவுக்கு அது முழுக்க மனப்பாடம், அவர் ஆயா சொல்லிக்கொடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டுபவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நாலைந்து வாரத்தில் மூலை ஒரு விஷயமாக இல்லாமல் போனது.

குதிரையைக் கட்டிப்போட்டுப் பிளாஸ்டிக் பைகளை மேலே வீசி வீசி அடக்கும் பழைய முறையைச் சிலர் பரிந்துரைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் குதிரை அசையாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஓட முடியாது என்று கைவிட்டுவிட்ட குதிரையும் அசையாமல்தான் நிற்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். போக இடம் இருந்தும் நிற்கிறதா, தலை தாழ்ந்திருக்கிறதா, புல்லைத் தின்கிறதா. தின்கிற குதிரையை நான் நம்புவேன். விறைத்து நிற்கிற குதிரைமேல் ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது.

தீபாவளியும் ஜனவரியும்

டர்பன் வட்டாரத்தில் தீபாவளி வெடியும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் வெடியும் அடுத்தடுத்து வரும். விலங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் அது கெட்ட பருவம். அக்கா புரட்டாசி விரதம் தொடங்கியபோதே நாங்களும் வெடிச் சத்தப் பதிவை ஒலிபெருக்கியில் போடத் தொடங்கினோம், உலர்புல் தின்னும் நேரத்தில், காது மட்டும் திரும்பும் அளவுக்கு. தின்பதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறைப்போம். தீபாவளி இரவு அக்கா வீட்டில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. பாபாவும் நானும் லாயத்தில் இருந்தோம். விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கொட்டிலில் அதற்குப் பழக்கமான கிழட்டுக் குதிரையை நிறுத்தினோம். ராஜா வியர்த்தது, கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தது, ஆனால் இடையிடையே வந்து தின்றது. அந்த வட்டாரத்தில் மற்ற குதிரைகள் பட்டபாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை.

ஜனவரி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த அக்காவின் கொழுந்தனார் ஆசைப்பட்டு ஏறினார். நல்ல மனிதர், சிறு வயதில் ஓட்டியவராம். ஒரே நேரத்தில் குதிகாலால் உதைத்து வாரையும் இழுத்தார். போ என்பதும் நில் என்பதும் ஒன்றாக வந்தால் குதிரைக்குத் தப்பிக்க வழியே இல்லை. எது செய்தாலும் அழுத்தம் விலகாது. ராஜா முதலில் தலையை உதறியது, பிறகு பின்னங்கால்களில் லேசாக எழுந்தது, அவர் இறங்கிவிட்டார். அடுத்த இரண்டு வாரம் அக்காவின் கையில்கூட வாரைத் தொட்டால் தலை தூக்கியது. மறுபடி தரைக்கு வந்தோம், அதே வரிசை. கற்றது அழிந்துபோகவில்லை, இந்தமுறை சீக்கிரம் திரும்பியது. அட்டையில் ஒரு வரி கூடியது: புதிதாக யார் ஏறுவதானாலும் முதலில் தரையில் நின்று ராஜாவை நிறுத்திக் காட்ட வேண்டும். விருந்தாளிக்கு இல்லை என்று சொல்ல அக்காவுக்குச் சங்கடம்தான். பழியைத் தம்பிமேல் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி முதல் மே வரை குதிரைக் காய்ச்சல் பருவம், கொசுக்கள் பொழுது சாயும் நேரத்தில் கிளம்பிவிடும். அதற்கு முன்பே ராஜா கொட்டிலுக்குள் போயாக வேண்டும். அக்காவுக்குப் பள்ளி முடிந்து வரக் கிடைக்கும் நேரம் குறைவு. சில வாரம் ஏறவே முடியவில்லை, கொட்டிலிலேயே தேய்ப்பதும் பின்னால் நகர்த்துவதும்தான். அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இப்போதைய நிலை

நாலு புகாரில் மூன்று தீர்ந்துவிட்டன என்று சொல்லலாம். மருந்து, சேணம், பாடம் மூன்றும் அடுத்தடுத்து மாறியதால் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துக் காட்ட ஒரு குதிரையை வைத்து முடியாது. ஆனால் ஜனவரிச் சம்பவத்தில் வயிறும் சேணமும் நன்றாகத்தான் இருந்தன. கை மட்டும் மாறியது, குதிரையும் மாறியது. எனக்கு அது போதுமான சான்று.

மகளிடம் வந்த மாற்றம் நான் எதிர்பாராதது. முத்தம் இன்னும் உண்டு, ஆனால் இப்போது ராஜாவின் காதைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போகிறாள். அக்கா விற்பதைப் பற்றிப் பேசுவதில்லை. மேய்ச்சல் வெளிக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போனாலும் ராஜா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று அடி அவர் பக்கம் வருகிறது. சில நாள் வருவதில்லை, அவரும் கூப்பிடுவதில்லை.

ஹார்ஸ் பாக்ஸ் பாக்கி. முன்கால் இரண்டையும் சரிவுப் பலகையில் வைத்து நிற்கிறது, பின்காலுக்கு இன்னும் மனம் வரவில்லை. அவசரம் எதுவும் இல்லை, போட்டிக்குப் போகும் திட்டமும் அக்காவுக்கு இல்லை. ஆனால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் ஒன்று வந்தால் அன்றைக்குப் பழக்க முடியாது. அதனால் வாரம் ஒருமுறை இந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது.

உடனடிப் பிரச்சினை வேறு. டிசம்பரில் பாபா ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போகிறார். அவருக்குப் பதில் வரும் பையன் கெட்டிக்காரன், ஆனால் குதிரையை வேகமாகக் கையாளுகிறவன். பாபா கிளம்பும் முன் இரண்டு வாரம் இருவரும் சேர்ந்து வேலை செய்யட்டும் என்று அக்கா இரட்டைச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். அட்டையைப் பையன் படித்துவிட்டான். “யிமா” சொல்லும்போது தானும் நிற்க வேண்டும் என்பதை மட்டும் பாபா அவனுக்கு இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.